பிடித்த காசு திரும்பி வருமா?

ஒவ்வொரு மாதமும் 15-ஆம் தேதி நெருங்கினால் எனக்குக் காலில் சக்கரம்தான். ஜாலான் மஸ்ஜித் இந்தியாவிலும் அதை ஒட்டிய சந்துகளிலும் உள்ள ஏழெட்டுக் கடைகளுக்குச் சம்பளக் கணக்கு எழுதுகிறேன். புடவைக் கடை, நகைக் கடை, நாணயமாற்றுக் கடை, சாப்பாட்டுக் கடை என்று எல்லாம் உண்டு. 15-ஆம் தேதிக்குள் ஊழியர் சேமநிதிக்கும் சொக்சோவுக்கும் சந்தா போய்ச் சேர்ந்தாக வேண்டும். கிள்ளானிலிருந்து காலைக் கொமுட்டரில் ஏறினால் பேங்க் நெகாரா நிலையத்தில் இறங்கி நடந்தே கடை கடையாக ஏறி இறங்குவேன்.

சென்ற மாதம் புடவைக் கடையின் மாடியில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது, புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் தயங்கித் தயங்கி வந்து நின்றான். வயது 22. சம்பளம் 1,900 ரிங்கிட்.

"அக்கா, ஒரு சின்ன உதவி. எனக்கு இ.பி.எப். வெட்ட வேணாம்னு முதலாளிகிட்ட சொல்லுங்க. முழுச் சம்பளத்தையும் கையிலயே குடுத்திடட்டும்."

"ஏன் தம்பி?"

"முன்ன வேலை செஞ்ச கடையில மாசா மாசம் வெட்டுனாங்கக்கா. போன்ல பாத்தா நாலு மாசம் காசே ஏறல. நமக்குன்னு வெட்டுற காசு நமக்கே திரும்பி வரும்னு என்ன நிச்சயம்? வந்தாலும் 55 வயசுல வரும். அதுவரைக்கும் வீட்டு வாடகைய யாரு கட்டுறது?"

எனக்குப் பதில் தெரியாமல் இல்லை. ஆனால் சட்டென்று வாய் வரவில்லை. இதே வட்டாரத்தில், நாற்பது வருடத்துக்கு முன்பு, ஏறக்குறைய இதே பேச்சுக்குத் தலையாட்டிய ஒருவரை எனக்குத் தெரியும். அவர் என் அப்பா.

அப்பாவின் 36 வெள்ளி

அப்பா பிறந்தது 1951-இல். நம் ஊழியர் சேமநிதி பிறந்ததும் அதே வருடம் அக்டோபர் முதல் தேதிதான். "எனக்கும் இ.பி.எப்புக்கும் ஒரே வயசு" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

1973-இல் இங்கே ஒரு துணிக்கடையில் 150 வெள்ளிச் சம்பளத்துக்குச் சேர்ந்தார். அப்போது தொழிலாளி 5 விழுக்காடு, முதலாளி 5 விழுக்காடு சந்தா கட்டினார்கள். 1980 டிசம்பரில் அது தொழிலாளிக்கு 9, முதலாளிக்கு 11 என்று உயர்ந்தது. அடுத்த மாதமே அப்பா வேறொரு கடைக்கு மாறினார். சம்பளம் 400 வெள்ளி. "சேமநிதியெல்லாம் எதற்கு? வெட்டாமல் முழுச் சம்பளம் தருகிறேன், வாங்கிக்கொள்" என்றார் அந்த முதலாளி. அப்பாவும் சரி என்றார். 1981 முதல் 1985 முடிய ஐந்து வருடம் அப்படியே ஓடியது. பிறகு இன்னொரு கடை, மறுபடியும் சந்தா, 2006-இல் 55 வயதில் ஓய்வு.

அப்பாவின் பழைய கணக்கறிக்கைகளை ஒருநாள் வரிசையாக அடுக்கிப் பார்த்தேன். நடுவில் அந்த ஐந்து வருடம் பல் விழுந்த இடம்போல் வெறுமையாக இருந்தது. தொழில் பழக்கம், பேனாவை எடுத்துவிட்டேன். 400 வெள்ளியில் 9 விழுக்காடு என்றால் மாதம் 36 வெள்ளி. ஐந்து வருடத்தில் 2,160 வெள்ளி. அப்பா கையில் கூடுதலாக வந்தது அவ்வளவுதான்.

முதலாளி போட்டிருக்க வேண்டிய பங்கு மாதம் 44 வெள்ளி. ஐந்து வருடத்தில் 2,640. இரண்டையும் சேர்த்தால் 4,800 வெள்ளி. அந்தக் காலத்தில் சேமநிதியின் லாப ஈவு 8, 8.5 விழுக்காடு என்று இருந்தது. 1995-க்குப் பிறகு மெல்ல இறங்கி 2002-இல் 4.25 வரை போனது. அந்தந்த வருட விகிதத்தை வைத்து, 2005 முடிவு வரை கூட்டிப் பார்த்தேன். அந்த 4,800 வெள்ளி 21,000 வெள்ளிக்கு மேல் வளர்ந்து நின்றிருக்கும்.

மனம் ஆறவில்லை. அப்பாவிடம் போய்ச் சொன்னேன். பேப்பரைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இந்த 36 வெள்ளி எங்க போச்சுன்னு உனக்குத் தெரியுமா? நீ பொறந்த நேரம் அது. உனக்கு வாங்குன பால் மாவுதான் இது" என்றார்.

அதற்கு மேல் அந்த வரியைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அவருக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. அந்த மாதம் 44 வெள்ளி. அது பால் மாவாகவும் ஆகவில்லை, சேமிப்பாகவும் ஆகவில்லை. முதலாளியின் பெட்டியிலேயே இருந்துவிட்டது. அப்பா தன் பணத்தை விட்டுக்கொடுத்ததாக நினைத்தார். உண்மையில் விட்டுக்கொடுத்தது முதலாளி தர வேண்டிய பணத்தை.

ஒன்று போட்டு நான்கு

'வாழ்நாள் முழுக்கக் கட்டியதற்கு ஈடாக ஏதாவது கிடைக்கிறதா?' என்று பலர் கேட்கிறார்கள். சேமநிதியைப் பொறுத்தவரை கணக்கில் இதற்குப் பதில் எளிது.

அந்த ஐந்து வருட ஓட்டை போக, அப்பா தன் சம்பளத்திலிருந்து மொத்தம் கட்டியது சுமார் 21,000 வெள்ளி. முதலாளிகள் போட்டது சுமார் 24,000. லாப ஈவு சுமார் 46,000. கையில் வாங்கியது ஏறத்தாழ 91,000. தன் பங்கில் ஒரு வெள்ளி போட்டு நான்கு வெள்ளிக்கு மேல் எடுத்திருக்கிறார். இடையில் விலைவாசி ஏறியதைக் கழித்தாலும் இது நஷ்டக் கணக்கு இல்லை.

அப்படியானால் போதுமா என்றால், அதுதான் இல்லை. 91,000 வெள்ளியை 20 வருடத்துக்குப் பிரித்தால் மாதம் 379 வெள்ளிதான். சேமநிதி நம் பெயரில் உள்ள சொந்த உண்டியல். போட்டது வரும், பெருகியும் வரும், ஆனால் போடாதது வரவே வராது. சம்பளம் குறைவாக இருந்தவருக்குச் சேமிப்பும் குறைவு. வேலை இல்லாத மாதத்துக்கு எதுவும் இல்லை. அதில் கருணை கிடையாது, கூட்டல் பெருக்கல் மட்டும்தான். 55 வயதுக்குள் ஒருவரிடம் இருக்க வேண்டிய அடிப்படைச் சேமிப்பு என்று சேமநிதி வாரியம் 2019-இல் சொன்ன தொகை 240,000 ரிங்கிட். மாதம் 1,000 ரிங்கிட் வீதம் 20 வருடத்துக்கு. அந்த அளவையும் இப்போது 390,000 ரிங்கிட்டுக்கு உயர்த்துகிறார்கள்.

அப்பாவின் 91,000 என்ன ஆனது? வீட்டுக் கடனின் பாக்கி அடைந்தது. தங்கையின் கல்யாணம் நடந்தது. மிச்சம் வங்கியில் கிடந்து ஆறேழு வருடத்தில் கரைந்தது. 55 வயதானதும் மொத்தத்தையும் எடுத்தே ஆக வேண்டும் என்று அவர் நினைத்திருந்தார். அப்படி இல்லை. சேமநிதியிலேயே விட்டுவைக்கலாம். 100 வயது வரை லாப ஈவு வரும். வேண்டியதை மட்டும் மாதாமாதம் எடுக்கலாம். 5 விழுக்காடு ஈவு என்று வைத்துக்கொண்டாலும், மாதம் 500 வெள்ளி எடுத்தால் அந்தத் தொகை 84 வயது வரை வந்திருக்கும். ஆனால் கல்யாணத்தைத் தள்ளிப்போடச் சொல்லி அப்பாவிடம் நானே சொல்லியிருப்பேனா? சொல்லியிருக்க மாட்டேன்.

கோவிட் காலத்தில் நாடு முழுக்க இதே கதைதான் நடந்தது. ஐ-லெஸ்தாரி, ஐ-சினார், ஐ-சித்ரா, 2022-இன் சிறப்பு மீட்பு என்று நான்கு வழிகளில் சந்தாதாரர்கள் எடுத்த தொகை 145 பில்லியன் ரிங்கிட். அந்த நேரத்துப் பசிக்கு அது தேவைப்பட்டது. ஆனால் அது பிற்காலத்துச் சோற்றிலிருந்து எடுத்த பிடி.

பொது உண்டியல்

சம்பளச் சீட்டில் இன்னொரு சின்ன வரி இருக்கும்: சொக்சோ. "இது எதுக்கு? இருபது வருஷமா கட்டுறேன், ஒரு சென்கூடத் திரும்பி வந்ததில்ல" என்று கடைகளில் அடிக்கடி கேட்பேன்.

2019-இல் நடந்தது ஒன்றைச் சொல்கிறேன். நான் கணக்கு எழுதும் ஒரு சாப்பாட்டுக் கடையில் ரொட்டி போடும் அண்ணன் ஒருவர் இருந்தார். அங்கே நான்கு வருட வேலை, 1,500 ரிங்கிட் சம்பளம். ஒரு விடியற்காலை செந்தூலிலிருந்து மோட்டார் சைக்கிளில் வேலைக்கு வரும் வழியில் விபத்தில் போய்விட்டார். மனைவி, இரண்டு சிறு பிள்ளைகள்.

வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியில் நடப்பதும் சொக்சோ சட்டப்படி வேலை விபத்துதான். இறந்தவரின் கணக்கிடப்பட்ட சம்பளத்தில் 90 விழுக்காடு குடும்பத்துக்குப் போகும். அதில் ஐந்தில் மூன்று பங்கு மனைவிக்கு, இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு. அந்தக் குடும்பத்துக்கு மாதம் ஏறத்தாழ 1,300 ரிங்கிட் என்று ஆனது.

அந்த நான்கு வருடத்தில் அவர் சம்பளத்திலிருந்து சொக்சோவுக்குப் போனது மாதம் 7 ரிங்கிட் சொச்சம், மொத்தம் 350 ரிங்கிட்கூட வராது. முதலாளியின் பங்கையும் சேர்த்தால் 1,600-ஐத் தாண்டாது. இரண்டாவது மாத உதவித்தொகையிலேயே கட்டியது எல்லாம் திரும்பி வந்துவிட்டது. இதுவரை அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்தது ஒரு லட்சத்தைத் தாண்டியிருக்கும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: வேலை விபத்துத் திட்டத்துக்கான 1.25 விழுக்காடு முழுவதையும் கட்டுவது முதலாளிதான். தொழிலாளியிடம் வெட்டும் அரை விழுக்காடு இயலாமைத் திட்டத்துக்கு. நோயாலோ வேறு காரணத்தாலோ 60 வயதுக்கு முன்பே வேலை செய்ய முடியாமல் போனால், போதிய மாதங்கள் சந்தா கட்டியிருப்பவருக்கு மாத ஓய்வூதியம் தருவது அது.

சொக்சோவில் 'நான் கட்டியது எனக்கு வந்ததா?' என்று கேட்டால் பெரும்பாலோருக்கு இல்லை என்பதுதான் பதில். நானும் ஓர் அலுவலகத்தில் 15 வருடம் வேலை பார்த்தேன், மாதாமாதம் கட்டினேன், ஒரு சென் வாங்கியதில்லை. வாங்கும்படி ஆகாமல் போனது என் நல்ல காலம். நான் கட்டியது எங்கேயோ ஒரு ரொட்டி போடும் அண்ணனின் வீட்டில் அரிசியாக வேகிறது. அது என் உண்டியல் இல்லை. ஊர் உண்டியல்.

மருத்துவமனைக்கு யார் கட்டினார்கள்?

63 வயதில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. இடது கை இன்றும் சரியாக எழும்பாது. வயது தாண்டிவிட்டதால் சொக்சோவின் கதவு மூடியிருந்தது. சேமநிதியில் அதற்கு முன்பே ஒன்றும் இல்லை. அவரைத் தூக்கி நிறுத்தியது அரசு மருத்துவமனை.

நம் நாட்டில் பொது மருத்துவத்துக்கென்று சம்பளத்தில் தனியாக எதுவும் வெட்டுவதில்லை. பல நாடுகளில் வெட்டுகிறார்கள். பக்கத்திலுள்ள சிங்கப்பூரில் 1955-இல் தொடங்கிய மத்திய சேமநிதிக்குள் 1984-இல் மெடிசேவ் என்று மருத்துவத்துக்குத் தனிக் கணக்கே வைத்தார்கள். இங்கே அரசு மருத்துவமனை பொது வரிப் பணத்தில் நடக்கிறது. குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் 1 ரிங்கிட், நிபுணர் சிகிச்சைக்கு 5 ரிங்கிட். அப்பாவுக்கு எடுத்த ஸ்கேன், பல மாத உடற்பயிற்சிச் சிகிச்சை, இன்றுவரை வாங்கும் மாத்திரை எல்லாவற்றையும் தனியாரில் வாங்கியிருந்தால், அந்த 91,000 இருந்திருந்தாலும் போயிருக்கும். ஓய்வுக்காலச் சேமிப்பின் கணக்கில் எழுதாத பெரிய வரவு இது. இது ஆட்டம் கண்டால் எத்தனை சேமித்தாலும் போதாது.

அமெரிக்காவில் வேறு முறை. இன்று வேலை செய்கிறவர் கட்டும் வரியிலிருந்து இன்று ஓய்வில் இருப்பவருக்கு ஓய்வூதியம் போகிறது. அங்கே முதன்முதலாக மாத ஓய்வூதியம் வாங்கியவர் ஐடா மே புல்லர். மூன்று வருடம் அவர் கட்டிய வரி மொத்தம் 24 டாலர் 75 சென். 1940 ஜனவரியில் வந்த முதல் காசோலையே 22 டாலர் 54 சென். 100 வயது வரை வாழ்ந்தார். 1975-இல் அவர் இறக்கும்வரை வாங்கியது 22,888 டாலர். அவருக்கு அது பெரும் யோகம். ஆனால் அந்தப் பணம் வானத்திலிருந்து விழவில்லை, அடுத்த தலைமுறையின் சம்பளத்திலிருந்து வந்தது. இளையவர்கள் குறைந்து முதியவர்கள் கூடும்போது அங்கே 'நான் கட்டியது எனக்கு வருமா?' என்ற கவலை நியாயமானது. நம் சேமநிதியில் அந்தக் கவலை இல்லை. ஆனால் நாம் நீண்டநாள் வாழ்ந்தால் உண்டியல் நமக்கு முன்பே காலியாகிவிடும் என்ற கவலை உண்டு. எந்த முறைக்கும் ஒரு ஓட்டை இருக்கிறது.

தம்பிக்குப் போட்டுக் காட்டிய கணக்கு

மாடியில் அந்தத் தம்பியை உட்காரவைத்து, ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன்.

"உன் 1,900-ல உன்கிட்ட வெட்டுறது 11 விழுக்காடு, 209 வெள்ளி. முதலாளி அவர் காசிலேர்ந்து போடுறது 13 விழுக்காடு, 247 வெள்ளி. வெட்ட வேணாம்னு சொன்னா உன் கைக்கு 209 வரும், உனக்கு வர வேண்டிய 247 போயிடும். முதல்ல, நீ கையெழுத்தே போட்டுக் குடுத்தாலும் சட்டத்துல அது செல்லாது."

அவன் சும்மா இருந்தான்.

"சம்பளமே உயரலன்னு வெச்சுக்க. இந்த 456 வெள்ளி மாசா மாசம் 55 வயசு வரைக்கும் ஏறி, வருஷத்துக்கு 5 விழுக்காடு ஈவு வந்து, நடுவுல எடுக்காமயும் இருந்தா, 438,000 வெள்ளி ஆகும். இப்ப முதல் அஞ்சு வருஷத்த மட்டும் விட்டுட்டுக் கணக்குப் போடு." போட்டேன். 118,000 வெள்ளிக்கு மேல் குறைந்தது. "33 வருஷத்துல அஞ்சு வருஷம்தான். ஆனா மொத்தத்துல கால் பங்குக்கு மேல."

இளமையில் போடும் பணத்துக்குத்தான் வளர நேரம் அதிகம். சம்பளம் குறைவாக இருக்கும் அந்த வருடங்களில்தான் வெட்டுவது வலிக்கும். அந்த வருடங்களில் போட்டதுதான் கடைசியில் பெரிதாக நிற்கும். அப்பா விட்டதும் அந்த வயதில்தான்.

வாடகைக் கவலையையும் நான் தள்ளிவிடவில்லை. 2024 மே மாதத்திலிருந்து சந்தாவில் 75 விழுக்காடு ஓய்வுக்காலக் கணக்குக்கும், 15 விழுக்காடு நல்வாழ்வுக் கணக்குக்கும், 10 விழுக்காடு எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய கணக்குக்கும் போகிறது. உண்மையாகவே முடியாமல் போகும் மாதத்தில் அந்தப் பத்தைத் தொடலாம். முதலாளியின் பங்கை இழந்து கையில் காசு வாங்குவதைவிட அது எவ்வளவோ மேல்.

"சரிக்கா. அந்த நாலு மாசம்?" என்றான்.

அதுதான் அவன் முதலில் கேட்ட கேள்வி. சம்பளத்தில் வெட்டிவிட்டுக் கட்டாமல் இருப்பது சிறைவரை போகக்கூடிய குற்றம். சேமநிதி வாரியத்தில் புகார் கொடுக்கலாம். சம்பளச் சீட்டு இருந்தால் பாதி வேலை முடிந்தது. நல்லவேளையாக அவன் போனில் மூன்று மாதச் சீட்டின் படம் இருந்தது. நான்காவது மாதத்துக்குச் சம்பளம் ஏறிய வங்கிப் பதிவு இருந்தது. அங்கேயே உட்கார்ந்து எழுதினோம்.

அவனிடம் சொன்னதையே வாசகர்களுக்கும் சொல்கிறேன். மாதம் ஒருமுறை ஐ-அக்கவுனைத் திறந்து சந்தா ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். சம்பளச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். வாரிசு நியமனம் செய்திருக்கிறீர்களா என்று பாருங்கள். முஸ்லிம் அல்லாதவர் நியமித்தால் பணம் அந்த வாரிசுக்கே உரியது. முஸ்லிம் நியமித்தவர் பணத்தை வாங்கி வாரிசுரிமைச் சட்டப்படி பிரித்துக் கொடுக்கும் பொறுப்பாளர் மட்டுமே. மஸ்ஜித் இந்தியாவில் ஒரே கடையில் அக்கம்பக்கமாக நிற்கும் இருவருக்கு இதில் இரண்டு விதி.

எனக்கு இப்போது முதலாளி இல்லை. 13 விழுக்காடு போடவும் ஆளில்லை. அதனால் ஐ-சாரான் திட்டத்தில் நானே கட்டுகிறேன். கட்டுவதில் 20 விழுக்காட்டை, வருடத்துக்கு 500 ரிங்கிட் வரை, வாழ்நாளில் 5,000 ரிங்கிட் வரை அரசாங்கம் சேர்க்கிறது. பூக்கடை அக்காவிடமும் வெண்டைக்காய் விற்கும் அண்ணனிடமும் இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். வீட்டில் இருக்கும் பெண்களுக்கு வருடம் 120 ரிங்கிட்டில் சொக்சோவின் இல்லத்தரசிகள் திட்டம் 2022 டிசம்பரிலிருந்து இருக்கிறது. கேட்டால்தான் பலருக்குத் தெரிகிறது.

அன்று மாலை வீட்டுக்குப் போய் அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். டீயை வலது கையால் தூக்கி ஒரு வாய் குடித்தார்.

"அந்தப் பையன் கடைசில என்ன சொன்னான்?"

"வெட்டட்டும்னு சொல்லிட்டான்."

"அந்த நாலு மாசக் காசு?"

"புகார் குடுத்திருக்கோம். இன்னும் வரல."

"விடாதே" என்றார் அப்பா. "வர்ற வரைக்கும் கேட்டுக்கிட்டே இரு. நான் கேக்காம விட்டவன்."